அலாட் ஆகிவிட்டதா?

சரோஜினி நகரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது 'சௌக்கியமா?' என்பதல்ல, 'அலாட் ஆகிவிட்டதா?' என்பதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது முழுக்க வேடிக்கையும் அல்ல. மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்துத் தலைநகருக்கு வந்து சேர்ந்த குமாஸ்தாவின் வாழ்க்கையில் கலியாணம், குழந்தைகளின் பள்ளிக்கூடம், ஊரிலிருந்து தாயாரை அழைத்துக்கொள்வது எல்லாமே அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். பெண் வீட்டார் கூட, 'பையனுக்கு என்ன சம்பளம்?' என்பதற்கு அடுத்தபடி, 'க்வார்ட்டர்ஸ் அலாட் ஆகியிருக்கிறதா?' என்றுதான் விசாரிப்பார்கள். ஆங்கிலமே அறியாத பாட்டிமார் வாயிலும் இந்த வினைச்சொல் சரளமாகப் புழங்கிற்று. விநய் நகர் என்ற பெயர் மாறி சரோஜினி நகர் ஆனது; இந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

இவ்வளவு அன்னியோன்னியமாகிவிட்ட சொல்லின் குலம் கோத்திரத்தைச் சற்று விசாரித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. விசாரித்ததில் கிடைத்தவை சுவையாகவும் இருந்தன. சில இடங்களில் மனத்தை உறுத்தவும் செய்தன.

'அலாட்' என்பதன் உயிர்நாடி அதற்குள் இருக்கும் 'லாட்'. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாட்' என்று ஒரு சொல் இருந்தது. ஒரு பொருளை யாருக்குக் கொடுப்பது என்ற தகராறு வந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்துண்டை அடையாளமாக வைத்துக் குலுக்கி எடுப்பார்களாம். அந்தத் துண்டுக்குப் பெயர் 'ஹ்லாட்'. அதே ஜெர்மானிய மூலம் பிரெஞ்சு மொழிக்குள்ளும் புகுந்து 'அலோத்தே' என்ற வினைச்சொல் ஆகி, 15-ம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்கு 'அலாட்' என்று வந்து சேர்ந்தது. ஆகவே இதன் அசல் பொருள், 'சீட்டுக் குலுக்கிப் பங்கு கொடு' என்பதே. லாட்டரி என்பது இதன் ஒன்றுவிட்ட சகோதரி. தமிழ்நாட்டில் 1968-ல் அரசாங்கமே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. இடையில் எத்தனை குடும்பங்கள் இந்தச் சகோதரியிடம் சிக்கிச் சீரழிந்தன என்பது வேறு கதை.

'லாட்' வளர்ந்த விதமும் விசித்திரமானது. முதலில் குலுக்கும் துண்டு. பிறகு குலுக்கலில் விழுந்த பங்கு. பிறகு ஒருவனுக்கு விதித்த விதி. 'அவன் லாட் அப்படி' என்று ஆங்கிலேயன் சொல்வதும், 'அவன் தலையெழுத்து அப்படி' என்று நாம் சொல்வதும் ஒன்றே. அமெரிக்காவில் குடியேறியவர்கள் நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டதால் அங்கே மனைக்கட்டுக்கே 'லாட்' என்று பெயர் வந்தது. இன்று ஸ்கூட்டர் நிறுத்தும் 'பார்க்கிங் லாட்' வரை அது நீண்டிருக்கிறது. ஏலக் கடையில் மொத்தமாகக் கட்டி வைத்திருக்கும் சாமானும் 'லாட்'தான். மொத்தம் என்பதிலிருந்து 'ஏராளம்' என்ற பொருளும் வந்துவிட்டது. ஒரு துண்டு மரம் 'ஏராளம்' ஆன கதை இது.

இங்கே இன்னொரு செய்தி. குமாஸ்தாக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேக்க மொழியில் குலுக்கல் சீட்டுக்கும், அதனால் கிடைக்கும் பங்குக்கும் 'க்ளேரோஸ்' என்று பெயர். ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் ஐந்நூற்றுவர் சபையைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேதாகமத்தில், லேவி குலத்தாருக்கு நிலத்தில் பங்கு இல்லை, கடவுளே அவர்கள் பங்கு என்று வருவதால், கிறிஸ்தவ சமயத்தில் ஊழியம் செய்பவர்கள் 'க்ளேரோஸ்' என்பதிலிருந்து 'க்ளெரிக்' ஆனார்கள். அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆகவே எழுத்து வேலை செய்கிறவன் எவனும் 'க்ளார்க்' ஆனான். அதாவது, நிலத்தில் பங்கில்லாதவன் என்ற நிலையிலிருந்து பிறந்த பெயர் க்ளார்க். அவன் வீடு அலாட் ஆகவில்லையே என்று முப்பது வருஷம் ஏங்குகிறான் என்றால், பெயரிலேயே அந்தப் பொருத்தம் இருக்கிறது! 'குமாஸ்தா' என்பதோ பாரசீகச் சொல். நியமிக்கப்பட்டவன் என்று பொருள். அதில் இந்த வம்பு இல்லை.

நம் பக்கம் திரும்பினால், சீட்டுக் குலுக்கும் விஷயத்தில் தமிழன் யாருக்கும் இளைத்தவன் அல்ல. ஆங்கிலத்தில் 'லாட்' என்பதற்குப் பங்கு, விதி என்ற இரண்டு பொருளும் இருப்பதுபோலத் தமிழில் 'பால்' என்ற சொல்லுக்கும் இரண்டும் உண்டு. பகுத்தால் பால், விதித்ததும் பால். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே சிந்தனையில் போய் முட்டிக்கொண்டிருப்பது வியப்பாகத்தான் இருக்கிறது. முடிவெடுக்க முடியாதபோது கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கட்டிப் போட்டு எடுப்பதும், திருவுளச்சீட்டு எழுதிப் போடுவதும் இன்றும் உண்டு.

பழைய மிராசுக் கிராமங்களில் 'பசுங்கரை' என்று ஒரு முறை இருந்தது. ஊர் நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாமல், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகள் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் அது 'அறுதிக்கரை'. நல்ல நிலம் ஒருவனிடமே தங்கிவிடக் கூடாது, மேட்டு நிலம் ஒருவன் தலையிலேயே விழுந்துவிடவும் கூடாது என்பது பசுங்கரையின் தத்துவம். மிராசு உரிமை பற்றி எல்லிஸ் துரை எழுதி 1818-ல் அச்சான நூலில் இந்த முறைகளைப் பற்றியெல்லாம் விஸ்தாரமாகப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சீட்டில் பெயர் இருந்தது மிராசுதாருக்கு மட்டுமே. அந்த நிலத்தில் இறங்கி உழுதவனுக்குச் சீட்டே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்டது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, எழுத்தறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையைப் படிக்கத் தெரியாத கையே சுத்தமான கை என்று அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும்; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய உறவினருக்கும் இடமில்லை. இதுவரை சரி. ஆனால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேதம் கற்றிருக்கவும் வேண்டும். சரோஜினி நகரில் முப்பது வருஷம் குடியிருந்த குமாஸ்தா ஒருவர் உத்தரமேரூருக்குப் போயிருந்தால், 'உமக்குச் சொந்த மனை இல்லை, போய் வாரும்' என்று வாசலிலேயே அனுப்பியிருப்பார்கள்.

ஆக, குடத்தில் கைவிடும் நேரத்தில் பாரபட்சம் இல்லை. யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு தில்லிக்கு வருவோம்.

வருவதற்கு முன், இந்தச் சொல்லை எழுதும் விதம் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் நோட்டுகளில் இதை மூன்று விதமாகத் தப்பாக எழுதுவதை அன்றாடம் காண்கிறோம். 'அலாட்' என்று எழுதும்போது எல் இரண்டு, கடைசியில் டி ஒன்று. 'அலாட்டட்' என்று இறந்த காலமாகும்போது டி இரண்டாகும். 'அலாட்மெண்ட்' என்னும்போது மறுபடி ஒன்றே. வீட்டைப் பெறுகிறவர் 'அலாட்டி'. அவருக்கு மட்டும் எல் இரண்டு, டி இரண்டு, ஈ இரண்டு. பெற்றவருக்கு எல்லாமே இரட்டை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் தவறு வராது. 'அலாட்', 'அலொக்கேட்', 'அஸைன்' மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. 'அலொக்கேட்' என்பதற்குள் இருப்பது இடம் என்னும் லத்தீன் சொல்: ஒருவர் யோசித்து, இதற்கு இது என்று உரிய இடத்தில் வைப்பது. 'அஸைன்' என்பதில் இருப்பது அடையாளக் குறி. 'அலாட்' ஒன்றில்தான் சீட்டு இருக்கிறது. இங்கிலாந்தில் 'அலாட்மெண்ட்' என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது வீடு அல்ல. தொழிலாளி காய்கறி போட்டுக்கொள்ள உள்ளூர்க் கவுன்சில் கொடுக்கும் துண்டு நிலம். 1908-ம் ஆண்டில் அதற்கென்று ஒரு சட்டமே செய்தார்கள். அங்கும் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது தில்லி. சர்க்கார் வீட்டுக்கான விதிகள் 1963-ல் செய்யப்பட்டு, 2017-ல் புதுப்பிக்கப்பட்டன. கீழ் வகை வீடுகளுக்கு, ஒருவர் மத்திய சர்க்கார் பணியில் சேர்ந்த தேதியே முன்னுரிமைத் தேதி. முதலில் சேர்ந்தவர் முதலில் பெறுவார். இதில் சீட்டும் இல்லை, குலுக்கலும் இல்லை. முறை மட்டுமே உண்டு. இதற்கு 'அலாட்' என்று பெயர் வைத்தது சொல்லிலக்கணப்படி பிழை என்றே சொல்லலாம். நிஜமான குலுக்கல் நடந்தது தில்லி வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளுக்கு. 1979-ல் அவர்கள் அறிவித்த திட்டத்தில் சுமார் 1.70 லட்சம் பேர் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டார்கள். அவர்களில் பலருக்குச் சாவி கைக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பதிவு செய்த தந்தை போய்ச் சேர்ந்து, மகன் வந்து கையெழுத்திட்ட கதைகளும் உண்டு.

சர்க்கார் க்வார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், அங்கே வாடகை கிடையாது. 'லைசன்ஸ் ஃபீ' என்பதே பெயர். அலாட்டி வாடகைக்காரர் அல்லர். அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவர் மட்டுமே. ரிட்டயரான பின் குறித்த நாளில் காலி செய்யாவிட்டால் அபராதக் கட்டணமும், 1971-ம் ஆண்டுச் சட்டப்படி வெளியேற்ற நோட்டீசும் வரும். இத்தனை வருஷம் துளசி வைத்து நீர் ஊற்றிய வீட்டில் ஒரு காலைப்பொழுதில் 'அனதிகாரமாகக் குடியிருப்பவர்' ஆகிவிடுவோம்.

நம் தமிழர்கள் இந்த ஆங்கிலச் சொல்லை வாங்கிக்கொண்ட விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரிசைப்படி கிடைத்தவர், 'அலாட் ஆச்சு' என்பார். மழை பெய்தது, பூ மலர்ந்தது என்பதுபோல. செய்தவர் யாரும் இல்லை. வரிசை தாண்டிக் கிடைத்தவரைப் பற்றிப் பேசும்போது மட்டும், 'இன்னார் அலாட் பண்ணிக் கொடுத்தார்' என்று ஒரு எழுவாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஆச்சு' என்றால் முறை. 'பண்ணிக் கொடுத்தார்' என்றால் சிபாரிசு. இந்த வித்தியாசத்தை எந்த விதிப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. முறை தாண்டிய ஒதுக்கீடு அளவுக்கு மீறிப் போய், 1990-களின் நடுவில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், நீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியதும் பழைய ஊழியர்களுக்கு நினைவிருக்கும். பின்னாளில் 2012 பிப்ரவரியில் 122 தொலைபேசி அலைவரிசை லைசன்சுகளையும், 2014 செப்டம்பரில் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளையும் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கும் கேள்வி ஒன்றுதான்: 'ஆச்சா', 'பண்ணிக் கொடுத்தாரா'? சர்க்கார் வீட்டு விஷயத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. வரிசையில் எத்தனையாவது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இது நல்ல மாற்றம். நிர்மாண் பவன் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்கள் இதை மனதார ஒப்புக்கொள்வார்கள்.

சரோஜினி நகரே இப்போது பழைய சரோஜினி நகர் அல்ல. 2016 ஜூலையில் மத்திய மந்திரிசபை ஏழு சர்க்கார் குடியிருப்புகளை இடித்துக் கட்ட முடிவு செய்தது. 12,970 பழைய வீடுகளின் இடத்தில் சுமார் 25,667 வீடுகள் என்பது கணக்கு. 2018-ல் மரங்களை வெட்டும்போது ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு கோபுரங்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் இரண்டாம் வகை வீடுகள் 2,500-க்கு மேல், 28 அடுக்கு மாடிக் கட்டடங்களில், திறந்து வைக்கப்பட்டன. லிப்டு இருக்கிறது; முற்றம் இல்லை. அதைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. வீடுகளின் எண்ணிக்கை கூடினால் 'அலாட் ஆச்சா?' என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

நான் சொல்ல வந்தது, இந்தக் க்வார்ட்டர்ஸ்களில் பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் பிழைத்தவர்களைப் பற்றி. 'அலாட்' என்பதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் 'ஒதுக்கு'. ஹிந்தியில் 'ஆவண்டன்' என்கிறார்கள். அதில் பங்கிடுதல் மட்டுமே உண்டு. தமிழ்ச் சொல்லில் இரண்டு முனை இருக்கிறது. ஒருவருக்கு வீடு ஒதுக்கலாம். ஒருவரையே ஒதுக்கியும் வைக்கலாம். இட ஒதுக்கீடு என்பதும் இதுதான். சாதியை விட்டு ஒதுக்கினார்கள் என்பதும் இதுதான்.

2025 ஜூன் 1-ம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது இந்த இரண்டு முனையும் ஒன்றாகக் குத்தின. பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. வடிகால் அடைபட்டு மழைநீர் தேங்குகிறது என்ற காரணத்தால், தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நடந்தது. 370 குடிசைகள். அவற்றில் 189 குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று முடிவு செய்து, நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கினார்கள். மீதி 181 ஒதுக்கப்படவில்லை, அதாவது ஒதுக்கப்பட்டன. எந்தப் பொருளில் என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

தகுதி எது? 2015-ம் ஆண்டுக் கொள்கைப்படி, அந்தக் குடியிருப்பு 1.1.2006-க்கு முன்பும், அந்தக் குடிசை 1.1.2015-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதை வாக்காளர் பட்டியலாலும் குறிப்பிட்ட தஸ்தாவேஜுகளாலும் நிரூபிக்க வேண்டும். பட்டியலில் ஒரு வருஷம் பெயர் விட்டுப்போயிருந்தால், எழுத்துப் பிழையால் அப்பன் பெயர் மாறியிருந்தால், ரேஷன் கார்டு ஊரிலேயே இருந்துவிட்டால், குடத்துக்குள் ஓலையே போகாது. உத்தரமேரூரில் நிலம் கேட்டார்கள். இங்கே காகிதம் கேட்கிறார்கள்.

வீடு கிடைத்தவர்களின் பாடும் கொண்டாட்டமல்ல. நரேலா நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். காலை ஆறு மணிக்கு நாலு வீட்டு வேலைக்கு வருகிற பெண் அங்கிருந்து எப்படி வருவாள்? பிள்ளைகள் தமிழ் படித்தது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில். அந்த ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாவில் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு எது ஊர்? வடிகாலைத் தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை இருக்கும் இடத்துக்கு எட்டாத தூரத்தில் வீட்டை வைத்துவிட்டு அதை மறுவாழ்வு என்பது சரியல்ல என்பதே என் கருத்து. 'அலொக்கேட்' என்ற சொல்லுக்குள் இடம் என்பது இருக்கிறதே, அதையாவது யோசித்திருக்கலாம்.

இது எங்கோ ஜங்புராவில் நடந்தது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2022 ஏப்ரலில் சரோஜினி நகரிலேயே சுமார் 200 குடிசைகளை இடிக்க முனைந்தபோது, உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டுத் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. க்வார்ட்டர்ஸில் இருக்கும் நாமும் அனுமதியின் பேரில் தங்கியிருப்பவர்களே. ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: காகிதம் எழுதுவதே நம் தொழில். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் மனு திரும்பி வரும் என்பது நமக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த வித்தை நம் வீட்டில் வேலை செய்கிற அம்மாளுக்கு இதுவரை எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது? 181-ல் எத்தனை குடும்பம் ஓர் எழுத்துப் பிழையால் விழுந்திருக்கும் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

தில்லியில் தமிழர் சங்கங்களுக்குக் குறைவில்லை. கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் பிடிக்கிறோம், நல்லதே. ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளையார் கோயில் பக்கமோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ, ரிட்டயரான குமாஸ்தாக்கள் இரண்டு பேர் இரண்டு மணி நேரம் உட்காரலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, பழைய மின்சாரப் பில்லோ பள்ளிச் சான்றிதழோ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பலாம். நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. இப்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தால் போதும்.